தாளில் சுற்றிக் கொடுத்த விதை

என் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு வருஷம் ஏசு பிறந்த நத்தாருக்கு பிஸ்கட்டோடு கொடுத்தது. பிஸ்கட் இரண்டே நாளில் தீர்ந்தது. டின்னை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அதில் விதை போட்டு வைக்க ஆரம்பித்தேன்.

மூடியைத் திறந்தால் பெரிய தோட்டமே உள்ளே இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். பயத்தங்காய், வெண்டி, கத்தரி, பாகல், புடோல், மூன்று வகைக் கொச்சிக்காய், நாலு வகைக் கீரை. கரட்டும் லீக்ஸும்கூட உண்டு. அவை இரண்டும் குளிரில் வருகிறவை. எங்கள் கேகாலைப் பக்கத்துச் சூட்டில் கரட் போட்டால் மேலே இலை வரும், கீழே சுண்டுவிரல் அளவுகூட வராது. தெரிந்துதான் வாங்கினேன். பக்கட்டில் இருந்த படம் அப்படி. இவ்வளவுக்கும் எனக்கென்று இருக்கிற மண், நாங்கள் குடியிருக்கிற லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற கானுக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவு. அதிலும் பாதியில் ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது.

கரவனெல்ல ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை பிரஷர் கிளினிக். மருந்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறப் போகும் வழியில் ஒரு விதைக் கடை. அந்தக் கடைக்காரர் என்னைக் கண்டாலே, "நங்கி, அலுத் பீஜ ஆவா," என்பார். தங்கச்சி, புது விதை வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்கு என் கால் தானாக நின்றுவிடும். மருந்து எடுக்கப் போனவள் விதையோடுதான் வீட்டுக்கு வருவேன். வீட்டுக்காரர் வரக்காப்பொலயில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் காவல் வேலை செய்கிறார், பௌர்ணமிக்குப் பௌர்ணமி, போயா லீவுக்குத்தான் வருவார். வந்ததும் டின்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு, போன மாதத்தைவிடக் கனம் கூடியிருக்கிறதே, பிள்ளை எப்போது பிறக்கும் என்று கேட்பார். நான் முறைப்பேன். அவர் சிரித்துக்கொண்டே டின்னை அடுப்புக்கு மேல் இருக்கிற பலகையில் வைத்துவிடுவார்.

ஏன் வாங்குகிறேன் என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் எழும்பி, அடுத்தவர் மலையில், அடுத்தவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, அடுத்தவர் தராசில் நிறுத்துவிட்டு வருகிற பிழைப்பு எங்களுடையது. குடியிருக்கிற அறையும் கம்பெனியுடையது. அந்த விதைக் கடையில் நிற்கிற பத்து நிமிஷம் மட்டும் நான் நிலம் உள்ளவள். இதை மேட்டில் போடலாம், இதற்குப் பந்தல் வேண்டும், இது நிழலில் வராது என்று மனதுக்குள் திட்டம் ஓடும். பக்கட்டில் இருக்கிற காயைப் புழு தின்னாது, காட்டுப் பன்றி கிண்டாது. முளைக்கப் போட்டால்தானே தொல்லை எல்லாம்.

சாமான் தட்டுப்பாடு வந்த காலத்தில் என் டின்னுக்கு ஒரு மவுசு வந்தது. கேசுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மா கண்ணில் படவே இல்லை. வீட்டுக்கு வீடு பயிர் செய்யுங்கள் என்று ரேடியோவிலும் சொன்னார்கள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டிலும் சொன்னார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினதில் டவுனில் விதை ஒரு பக்கட்டும் இல்லாமல் போனது. நான் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். பார்த்தீர்களா, பைத்தியம் என்று சொன்னீர்களே என்று யாரிடமும் கேட்கவில்லை, ஆனால் முகத்தில் அது இருந்திருக்கும்.

அந்தப் பெருமையில் ஓட்டை இருந்தது. எங்கள் லயத்தில் எந்த வீட்டிலும் பழசைத்தான் முதலில் எடுப்போம். புது அரிசி வந்தாலும் பழைய அரிசி தீர்ந்த பிறகுதான் அந்தச் சாக்கை அவிழ்ப்போம். கருவாடும் அப்படித்தான், பருப்பும் அப்படித்தான். நானும் அதே பழக்கத்தில் விதையிலும் பழைய பக்கட்டைத்தான் முதலில் எடுப்பேன். புதிதை அடியில் போட்டு வைப்பேன். அதன் முறை வரும்போது அதுவும் பழசாகியிருக்கும். போதாததற்கு டின் இருந்தது அடுப்புக்கு மேல், சூட்டிலும் புகையிலும். இப்படியே என் பாயளவு மண்ணில் ஒருநாளும் புது விதை விழுந்ததில்லை. பாதி முளைக்கும், பாதி முளைக்காது. மண் சரியில்லை என்று மண்ணைத் திட்டுவேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதுவும் கூரை வரைக்கும் போகாத சுவர். அவர் வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போகிறவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். புருஷன் செத்துப் போய்விட்டார். ஒரே மகளை அரநாயக்கப் பக்கத்து ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்.

எங்கள் தோட்டத்தில் விதை போட நாள் பார்க்கிறவர்கள் குறைவு. கை பார்க்கிறவர்கள்தான் அதிகம். கைராசி உள்ள ஒருவரைக் கூப்பிட்டு முதல் மூன்று குழியில் விதை போட வைப்போம். மிச்சத்தை வீட்டுக்காரர் போட்டுக்கொள்வார். அந்தக் கைராசி எங்கள் மூன்று லயத்துக்கும் சேர்த்து அக்காவிடம் இருந்தது. குந்தி உட்கார்ந்து, மண்ணில் விரலால் சின்னதாக ஒரு சிலுவை போட்டு, அதன் நடுவில் குழி எடுத்து விதையை வைப்பார். நாங்கள் பிள்ளையாருக்குச் சூடம் கொளுத்திவிட்டு வந்து அந்தக் கைக்காகக் காத்து நிற்போம். இதில் யாருக்கும் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. காய் வந்ததும் முதல் பறிப்பில் ஒரு பிடி அக்கா வீட்டுக்குப் போகும்.

புருஷன் செத்த பிறகு நல்ல காரியங்களில் அக்காவை முன்னுக்கு நிற்க விடவில்லை. மஞ்சள் இடிக்கக் கூப்பிட மாட்டார்கள், மணவறைப் பக்கம் வர விட மாட்டார்கள். வேதக்காரராக இருந்தும் அந்தப் பழக்கம் அவரையும் பிடித்துக்கொண்டது. ஆனால் அதே சனம் விதை போட மட்டும் அவர் வாசலில் வந்து நின்றது. அவருக்கு மிஞ்சியிருந்த மரியாதை அந்த ஒன்றுதான். அது அவருக்கும் தெரியும், பக்கத்துச் சுவர்க்காரியான எனக்கு நன்றாகவே தெரியும்.

தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த நேரத்தில், லயத்துக்கு மேலே இருந்த கிழட்டு ரப்பர் மலையை மிஷின் வைத்துப் பிடுங்கிப் புதுக் கன்று நட்டார்கள். கன்று வளர்ந்து நிழல் கட்ட இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதுவரைக்கும் வரிசைக்கு நடுவே இருக்கிற மண்ணில் ஆட்கள் மரக்கறி போட்டுக்கொள்ளலாம் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். நிலத் துண்டு குறைவு, ஆட்கள் அதிகம். கணக்கப்பிள்ளை பெரட்டில் வைத்துச் சீட்டுக் குலுக்கினார். அக்காவுக்கு ஒரு துண்டு விழுந்தது. எனக்கு வெறும் தாள்.

வயிறு எரிந்தது. இப்போது பூசி மெழுகி என்ன ஆகப்போகிறது? டின் நிறைய விதை வைத்திருக்கிறவள் நான். ஒரு விதைகூட இல்லாதவருக்குப் போய் துண்டு விழுகிறதே என்று அன்றைக்குப் பகல் பூராவும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயந்தரம் அக்கா என் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, ஒங்கிட்ட பயத்தங்கா வெத இருக்கும்ல? கொஞ்சம் வெண்டியும் குடு. காய் வந்தோன்ன முத்த விட்டு, புது வெதயா எடுத்துத் திருப்பித் தாறேன்."

காலையில் தருகிறேன் என்றேன். அவர் போனதும் டின்னைத் தரையில் இறக்கிப் பரப்பினேன். பயத்தங்காயில் புதுப் பக்கட் மூன்று இருந்தது. தட்டுப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வாங்கியது. பழசு ஐந்து. அதில் இரண்டில் படமே வெளுத்துப் போயிருந்தது. புதிதைக் கையில் எடுத்தேன். நாளைக்கு எனக்கும் ஒரு துண்டு கிடைத்தால் எங்கே போவேன் என்று தோன்றியது. புதிதை டின்னில் போட்டுவிட்டுப் பழசை எடுத்தேன். வெண்டியிலும் பழசைத்தான்.

பழசை அப்படியே பக்கட்டோடு கொடுத்திருந்தால்கூட இன்றைக்கு எனக்கு இந்த மனவருத்தம் இருக்காது. பக்கட்டில் திகதி அச்சடித்திருந்தது. அதனால் ஒவ்வொன்றையும் பிரித்து, விதையைக் கொட்டி, பழைய பேப்பரைக் கிழித்துப் பொட்டலமாகச் சுற்றினேன். விதை விதைதானே, பாதியாவது முளைக்காதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையானால் திகதியை எதற்கு மறைக்க வேண்டும்? என் கைக்குத் தெரிந்துதான் இருந்தது. வெறும் பக்கட்டை எறியவும் மனசு வரவில்லை. நல்ல படம் என்று அதையும் டின்னிலேயே போட்டு வைத்தேன்.

மறுநாள் பொட்டலத்தைக் கொடுத்தபோது அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

சித்திரை மழை முதல் தூறல் தூறினதும் விதைத்தார். கொத்திப் பதப்படுத்திய மண். நானும் கூட மாட ஒத்தாசைக்குப் போனேன். அக்கா குந்தி உட்கார்ந்தார், சிலுவை போட்டார், முதல் விதையை வைத்தார். அக்கம் பக்கத்துத் துண்டுக்காரர்களும் ஆளுக்கு ஆள் கூப்பிட, அவர்கள் மண்ணிலும் போய் முதல் குழி போட்டுக் கொடுத்தார். அவர்களிடம் எங்கெங்கோ கேட்டு வாங்கின விதை இருந்தது. அன்றைக்கு அந்த மலையில் அவர் நடந்த நடையே வேறு.

மழை சரியாகத்தான் பெய்தது. நாலாம் நாள் பக்கத்துத் துண்டில் பயத்தங்காய் முளை தலை காட்டியது. ஆறாம் நாள் எல்லாத் துண்டும் பச்சை, அக்காவின் துண்டு மட்டும் வெறும் மண். அதில் நாலே நாலு வெண்டி. பத்தாம் நாள் அக்கா விரலால் கிண்டிப் பார்த்தார். விதை நசிந்து சளியாகக் கையில் வந்தது. அவர் அதை முகர்ந்து பார்த்தார், பிறகு மண்ணில் துடைத்தார்.

மழை கூடிப்போச்சுக்கா என்றேன். புழு வைத்திருக்கும் என்றேன். மண்ணில் ஏதோ மருந்து தங்கியிருக்கும் என்றுகூட ஒரு பொய்யைக் கண்டுபிடித்தேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"வெதயில என்ன குத்தம் தங்கச்சி, நீ பொத்திப் பொத்தி வச்ச வெத. என் கைதான்."

அந்த நேரத்தில் என் வாய் எங்கே போனது? எனக்கு வாய் நீளம் என்று தோட்டம் முழுக்கச் சொல்வார்கள். கணக்கப்பிள்ளையே என்னிடம் வாயைக் கொடுக்க மாட்டார். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

அடுத்த வாரம் ஸ்டோரில் பால் நிறுக்க வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். புருஷன் போனபோதே கையும் போயிருக்கும், அடுத்த துண்டெல்லாம் விளைந்தது அவரவர் அதிர்ஷ்டம், சொந்த மண்ணில்தானே உண்மை தெரியும் என்றாள். நான் வாளியோடு அப்படியே நின்றேன். என் முறை வந்தது, பாலை நிறுத்தேன், வாளியைக் கழுவினேன், வீட்டுக்கு வந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

புதுப் பக்கட் மூன்றும் அப்போதும் டின்னில்தான் இருந்தன. அவற்றைக் கொடுத்து மறுபடி விதைக்கச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் அது முளைத்துவிட்டால், முந்தினது ஏன் முளைக்கவில்லை என்ற கேள்வி வருமே. அந்தப் பயத்தில் விதையைத் தவிர மற்றதெல்லாம் கொடுத்தேன். விறகு கொடுத்தேன், சம்பல் அரைத்துக் கொடுத்தேன், அவருக்காக வரிசையில் நின்று மண்ணெண்ணெய் வாங்கிக் கொடுத்தேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்கத்து வீடு யாருக்குக் கிடைக்கும் என்று அக்கா கோயிலில் போய்ச் சொன்னாராம். அதைக் கேட்டு எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அக்கா அந்தத் துண்டை மேல் லயத்துக் குடும்பத்துக்கு விட்டுக் கொடுத்துவிட்டார். அடுத்த போகத்துக்கு ஓரிருவர் பழக்கத்தில் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவர் போகவில்லை. பிறகு யாரும் கூப்பிடவில்லை. மலையில் ஆட்கள் விதைக்கிற நாட்களில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். சுவர் வழியாக ஒரு சத்தமும் வராது.

அந்த வருஷக் கடைசியில் மகளுக்குப் புது வீடு கிடைத்தது. அவர்கள் இருந்த லயம் மண் சரிகிற இடம் என்று சொல்லி, வேறு இடத்தில் தனித்தனி வீடாகக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வாசலும் கொஞ்சம் மண்ணும் சொந்தமாக உள்ள வீடு. எங்கள் சனத்துக்கு அது சின்ன விஷயமில்லை. மகள் போன் எடுத்தாள். பால் காய்ச்சுவதற்கு முன்னால் வாசலில் ஒரு தென்னங்கன்று நடப் போகிறோம், அதை அம்மா கையால்தான் நட வேண்டும், அதற்காகவே குழி வெட்டிக் காய விட்டிருக்கிறோம் என்றாள். அக்கா புதுச் சேலை வாங்கினார். அதை இஸ்திரி போட்டுக் கொடுத்தது நான்.

போகிற அன்று காலையில் பார்த்தால் அக்கா பாயில் சுருண்டு கிடக்கிறார். கால் வலியாம், எழும்ப முடியவில்லையாம். நான் பதறிப் போனேன். பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சினேன். முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் தேய்த்து உருவி விட்டேன், அரை மணி நேரம் விடவில்லை. நான் செய்த பாவத்தில் கொஞ்சமாவது இந்த எண்ணெயில் கரைந்து போகட்டும் என்று நினைத்துக்கொண்டே தேய்த்தேன். மகளுக்குப் போன் எடுத்து, அம்மாவால் ஒரு அடிகூட நடக்க முடியவில்லை, நீங்களே நட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் நான்தான். கன்றை மகளின் மாமியார் நட்டதாகப் பிறகு தெரிந்தது.

அதற்கடுத்த வருஷம் இன்னொரு மலையைப் பிடுங்கினார்கள். இந்த முறை சீட்டில் எனக்குத் துண்டு விழுந்தது. கடையிலும் விதை வந்துவிட்டது. கடைக்காரர், "அலுத் பீஜ ஆவா," என்றார். நான் அள்ளிக்கொண்டு வந்தேன். வந்ததும் பழைய புத்தியில் பழைய விதையைத்தான் எடுத்தேன். ஆனால் சொந்தத் துண்டு அல்லவா, எடுத்த எடுப்பில் நம்பிப் போட மனசு வரவில்லை. பால் வடிகிற சிரட்டைகளில் மண் நிரப்பிச் சிரட்டைக்கு இரண்டு விதை போட்டுப் பார்த்தேன். பத்துச் சிரட்டை. ஒன்றிலும் முளை வரவில்லை. என் நிலத்துக்கு நான் பார்த்த பரீட்சையை அக்காவின் நிலத்துக்குப் பார்க்கவில்லை.

அப்போதும் எனக்கு ஒரு தந்திரம்தான் தோன்றியது. என் துண்டில் முதல் விதை போட அக்காவைக் கூப்பிடுவோம். புது விதையைக் கொடுப்போம். அது முளைக்கும். கை திரும்ப வந்துவிட்டது என்று அவரும் நினைப்பார், ஊரும் நினைக்கும். என் வாயைத் திறக்காமலே அவர் கையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

போய்க் கூப்பிட்டேன். அக்கா அரிசி கழுவிக்கொண்டிருந்தார். கையை முந்தானையில் துடைத்தவர், அதை அப்படியே முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"வேணாம் தங்கச்சி. ரெண்டு வருஷமா ஏங்கிக் கெடச்ச துண்டு ஒனக்கு. என் கை பட்டு அதுவும் பாழாப் போகணுமா?"

என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடி டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தேன். அடியில் கிடந்த வெறும் பக்கட்டுகளை எடுத்தேன். நான் அன்றைக்குக் கொடுத்தது இதில் இருந்த விதை, திகதி தெரியக்கூடாது என்றுதான் பேப்பரில் சுற்றினேன், புதிது வேறு வைத்திருந்தேன், தரவில்லை, பொறாமை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அக்கா ஒரு பக்கட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி இல்லை, நீயே வாசி என்று நீட்டினார். வாசித்தேன். நான் கொடுத்த நாளுக்கு மூன்று வருஷம் முந்தியே காலாவதியான விதை. மற்றதையும் வாசி என்றார். எல்லாவற்றையும் வாசிக்க வைத்தார். அவர் திட்டுவார், டின்னைத் தூக்கி வெளியே எறிவார் என்று காத்திருந்தேன். எறிந்திருந்தால் நல்லது.

"அன்னைக்கு நீ காலுக்கு எண்ண தேச்சியே," என்றார். "கால்ல ஒண்ணுமே இல்ல தங்கச்சி. நான் நட்டு, அது கருகிப் போயி, எம் புள்ள வீட்டுக்கு ஒரு கெட்ட பேரு வந்துருமோன்னுதான் படுத்துக் கெடந்தேன்."

மன்னிச்சிருங்கக்கா என்றேன். வீட்டுக்குப் போ என்றார். போனேன்.

ஒன்பது நாள் பேசவில்லை. ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. அவர் இருமுவது கேட்கும், பாத்திரம் வைப்பது கேட்கும், அந்தியில் ஜெபம் சொல்வது கேட்கும். அதில் ஊரில் எல்லோருக்காகவும் கேட்பார். என் பெயரும் வருமா என்று காது கொடுத்தேன், எனக்கென்ன வெட்கம் இனி. வரவில்லை.

பத்தாம் நாள் காலையில் வாசலில் வந்து நின்றார். மகள் வீட்டுக்குப் போகவென்று வாங்கி உடுத்தாமல் போன அதே புதுச் சேலை. தோளில் பை, கண்ணில் கண்ணாடி.

"புதுசு எல்லாத்தையும் எடு."

டின்னைக் கொண்டுவந்து வைத்தேன். நின்றபடியே ஒவ்வொரு பக்கட்டாக எடுத்துத் திகதியைப் பார்த்தார். நல்லதெல்லாம் அவர் பைக்குள் போனது. கரட்டையும் லீக்ஸையும் பார்த்து ஒரு நிமிஷம் என்னை மேலும் கீழும் பார்த்தார், அதைத் திரும்ப டின்னில் போட்டார். பழசையும் தொடவில்லை, அது ஒனக்கு என்று சொல்லிவிட்டு, அரநாயக்க பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். சரிதானே என்று எனக்குப் பட்டது. மிச்சமிருந்த பழைய விதையை எல்லாம் என் துண்டில் நானே போட்டேன், முதல் குழியும் நானே. வேறு வாங்கப் போகவில்லை. மொத்தத் துண்டிலும் ஒன்பது செடி வந்தது. ஏன் இவ்வளவு மோசம் என்று வழியில் போகிறவர்கள் கேட்டால், காலம் போன விதை என்றேன், அக்காவுக்குக் கொடுத்ததும் இதே மாதிரி விதைதான் என்றும் சேர்த்துச் சொன்னேன். ஸ்டோர் வரிசையில் அன்றைக்கு அப்படிப் பேசினவளிடம் தேடிப் போய்ச் சொன்னேன்.

அக்கா மூன்று நாள் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம், மலையிலிருந்து வந்து அரிசியை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது. அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மகளின் குரல். அம்மா போட்ட பயத்தங்காய் வரிசையாக முளைத்துவிட்டது, ஒரு குழிகூடத் தப்பவில்லை, மாமியார்கூட வந்து பார்த்துவிட்டு மலைத்துப் போனார் என்றாள். சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"இவ்வளவு நல்ல கைய வச்சிக்கிட்டு அன்னைக்கு ஏம்மா வரல? வாசல்ல நிக்கிற தென்னம்புள்ளய பாக்குறப்பல்லாம் எனக்கு அதுதான் நெனப்பு. நெசத்தச் சொல்லும்மா."

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். சொல்லட்டும். சொன்னால் நியாயம்.

"கால் வலிடி," என்றார் அக்கா. "எந்திரிக்கவே முடியல. பக்கத்து வீட்டு தங்கச்சியக் கேட்டுப் பாரு, அவதான் அரை மணி நேரம் எண்ண தேச்சு விட்டா."

சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருப்பதும், எனக்கு எல்லாம் கேட்கும் என்பதும் அவருக்குத் தெரியும். நான் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதேன். இங்கே சத்தம் வந்தால் அந்தப் பக்கம் போன் வழியாக மகளுக்கும் கேட்டுவிடும்.